ஸ்லோ நிற்காத வண்டி

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியை ஓடவிட்டுப் பின்பக்கம் போனார், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினார். இட்லிப் பானையில் ஆவி வந்துவிட்டதா என்று பார்ப்பவரைப் போல அரை நிமிடம் அப்படியே இருந்தார்.

"நாலுல ஒண்ணு காணோமுங்க தம்பி" என்றார்.

கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம், வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அது. அங்கே நான் போனபோது என் வண்டிக்கு வைத்தியம் ஏற்கெனவே இரண்டு முறை நடந்து முடிந்திருந்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி குலுங்கும், ஏசியைப் போட்டால் ஆஃப் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கும். முதல் வைத்தியம் என்னுடையது: நான்கு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாற்றினேன். இரண்டாவது, வேறொரு இடத்தில். அங்கே ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0303 என்று வந்தது. மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். உடனே மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். பில் வந்தது, நடுக்கம் போகவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அதெல்லாம் சரிங்க. எப்ப ஆடுது?"

நின்றால் ஆடுகிறது, ஓடினால் சரியாகிவிடுகிறது. காலையில் குளிர்ந்த இஞ்சினில் குறைவு, சூடு ஏற ஏற அதிகம். பெட்ரோலில் ஓட்டினாலும் ஆடுகிறது, எல்பிஜியில் ஓட்டினாலும் ஆடுகிறது. போன வாரம்தான் வால்பாறை போய் வந்தோம், மேலே ஏறும்போது ஒரு குறையும் இல்லை.

"வால்பாறை ஏறிச்சா? நாலு பேரோடவா? அப்ப காயில் இல்லீங்க."

எதை வைத்து அப்படிச் சொன்னார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்வதற்கு, சும்மா நிற்கும் இஞ்சின் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கார் கம்பெனிக்காரர்கள் அதை ஐடிலிங் என்பார்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர் 'ஸ்லோ'. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் வண்டி ஆஃப் ஆகாமல் ஓடினால் 'ஸ்லோ நிக்குது'. ஆஃப் ஆனால் 'ஸ்லோ நிக்கல'. எனக்கு இந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. நிற்பது என்பது சும்மா கிடப்பதல்ல, ஒரு வேலை என்பது அதில் இருக்கிறது.

சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஸ்லோவில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆக ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 400 வெடிப்பு, நான்குக்கும் சேர்த்து 1,600. நொடிக்கு ஏறக்குறைய 27. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 37.5 மில்லிநொடி. அந்த ஒவ்வொரு வெடிப்புக்கும் செலவாகும் பெட்ரோல், 1.2 லிட்டர் இஞ்சினில், சுமார் 5 மில்லிகிராம். ஒரு அரிசி 20 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் கால்வாசி. இந்தக் கால் அரிசி எரிபொருளை வைத்துக்கொண்டு இஞ்சின் தன் சொந்த உராய்வைச் சமாளிக்க வேண்டும், மூடிக் கிடக்கும் த்ராட்டிலின் சந்து வழியே காற்றை இழுக்க வேண்டும், ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுற்ற வேண்டும். சக்கரத்துக்கு எதுவும் போவதில்லை. பயன்தரும் வேலையை எரிபொருளால் வகுத்துத் திறனைக் கணக்கிட்டால், ஸ்லோவில் நிற்கும் இஞ்சினின் திறன் சரியாகப் பூஜ்யம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. த்ராட்டில் மூடியிருப்பதால், பிஸ்டன்கள் இழுக்க இழுக்க இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சிலிண்டருக்குள் வருகிற புதுக் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம். முந்தைய வெடிப்பின் புகையில் வெளியேறாமல் தங்கிய மிச்சமோ அதோடு ஒப்பிட்டால் கணிசம். ஈர விறகில் தீ மூட்டுகிற கதைதான். பற்றும், ஆனால் மெதுவாக, அரைமனதாகப் பற்றும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் புது இஞ்சினில்கூட ஸ்லோவில் ஒரு வெடிப்பு இன்னொன்றைப் போல இருக்காது.

ஓடும்போது ஏன் தெரிவதில்லை? ஒரு வெடிப்பு தவறினால் இடைவெளியை நிரப்புவது ஃப்ளைவீலில் சேமித்த சுழல் ஆற்றல். அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 750 சுற்றில் இருப்பதைப் போல 3,000 சுற்றில் அது 16 மடங்கு. பணக்காரன் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் வராவிட்டால் பால்காரருக்குக்கூடத் தெரியாது. தினக்கூலி வீட்டில் ஒரு நாள் கூலி போனால் அன்று மாலையே தெருவுக்குத் தெரியும். மேலும், ஸ்லோவில் ஒரு சிலிண்டர் செத்துக் கிடந்தால் அந்த உதறல் நொடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாக வரும். சீட்டும் ஸ்டியரிங்கும் நம் வயிறும் நன்றாக உணரும் நிதானம் அது. 3,000 சுற்றில் நொடிக்கு 25 ஆகிவிட, இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

மவுண்டிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. வண்டி நடுங்குவதெல்லாம் இஞ்சினின் குற்றமாகாது. மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் ஒழுங்காக ஓடும் இஞ்சினும் உள்ளே உட்கார்ந்தவருக்குக் கோளாறாகத்தான் தெரியும். ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் ஆடாமல் வண்டி மட்டும் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது ரப்பரை. மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 1983 டிசம்பரில் வந்து இந்தியாவின் சாலைகளையே மாற்றிய மாருதி 800-இன் 796 சிசி இஞ்சின் மூன்று சிலிண்டர்தான். அந்த வகை இஞ்சின் முன்னும் பின்னுமாகச் சற்றே தலையாட்டுவது அதன் அமைப்பிலேயே உள்ளது, வெடிப்பு வரும் இடைவெளியும் அதிகம். அது நோயல்ல.

நோய் என்று உறுதியான பிறகு, ஆட்டத்தின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தவறாமல், ஒரே இடத்தில் இடறும் நொண்டி நடை ஒன்று உண்டு. அது குறிப்பிட்ட ஒரு சிலிண்டரின் குறை. தாளமே இல்லாமல், எப்போது இடறும் என்று சொல்ல முடியாதபடி இடறினால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, காற்றோ எரிபொருளோ, கெட்டிருக்கிறது. மூன்றாவது வகை இடறுவதே இல்லை. முள் 600-க்கு இறங்கும், 1,200-க்கு ஏறும், மறுபடி இறங்கும். தூளி ஆடுவதுபோல நிதானமாக, விடாமல்.

இந்தத் தூளியாட்டத்துக்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இஞ்சினில் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் சில இஞ்சின்களில் வேகம் நிலைக்காமல், ஏறுவதும் இறங்குவதுமாகத் தவித்துக்கொண்டே இருந்தது. ஏன் என்பதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மேக்ஸ்வெல். 'கவர்னர்களைப் பற்றி' என்ற அவருடைய 1868-ஆம் ஆண்டுக் கட்டுரை, எந்த நிலையில் ஆட்டம் தானே அடங்கும், எந்த நிலையில் வளரும் என்பதைப் பிரித்துக் காட்டியது. சாரம் நம் வீட்டுத் தூளியிலேயே இருக்கிறது. ஆடும் தூளியை நிறுத்தப் போகிறவர் சரியான கணத்தில் கை வைத்தால் நிற்கும். அரைக் கணம் தாமதித்தால், தடுக்கப் போன கையே தள்ளிவிடும்.

இன்றைய காரில் அந்தக் கை ஈசியூ என்னும் கணினி. அதற்கும் தாமதம் உண்டு. பெட்ரோலைப் பீய்ச்சி, அது சிலிண்டருக்குள் போய், அமுங்கி, வெடித்து, புகையாகி வெளியே வரவே ஸ்லோவில் 150 மில்லிநொடி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் சென்சார் அதை முகர்ந்து, பெட்ரோல் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று சொல்லும். இந்தத் தாமதத்தையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் கணினியின் நிரலை எழுதுகிறார்கள். த்ராட்டில் விளிம்பில் கரி படிந்தாலோ, சென்சார் கிழடு தட்டி மந்தமானாலோ, எங்காவது கணக்கில் வராத காற்று புகுந்தாலோ அந்தக் கணக்கு பிசகும். கை தாமதமாக விழும், தூளி ஆடும்.

கரியென்றால் வைத்தியம் சுலபம். த்ராட்டில் பாடியைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் கிளீனரை மெல்லிய துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். சில த்ராட்டில் தகடுகளில் பூச்சு உண்டு, சொரசொரப்பான எதையும் வைத்துத் தேய்க்கக் கூடாது. சுத்தம் செய்த உடனே ஸ்லோ 1,500-க்கு எகிறி நிற்பதைப் பார்த்துப் பலர் பதறிப்போவார்கள். கணினி இத்தனை மாதமாக அந்தக் கரியையும் சேர்த்துத்தான் எவ்வளவு திறப்பது என்று கற்றுவைத்திருந்தது. கரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மறுபடி கற்றுக்கொடுக்கும் முறை ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதம், சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும்.

கணக்கில் வராத காற்றுதான் ஸ்லோவின் பரம எதிரி. ஒர்க்‌ஷாப் மொழியில் 'ஏர் புடிக்குது'. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் ஒரு விரிசல், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு வெடிப்பு, ரப்பர் மூடி ஒன்று காய்ந்து பிளந்தது. இதில் ஒளிந்திருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு சிறு துளை. வெளியே முழுக் காற்றழுத்தம், உள்ளே அதில் மூன்றில் ஒரு பங்கு. காற்று உள்ளே பாய்கிறது. உள்ளே அழுத்தத்தை இன்னும் குறைத்தால் இன்னும் வேகமாகப் பாயுமா? பாயாது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் சுமார் 53 சதவீதத்துக்குக் கீழே போன உடனேயே, துளையின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது என்ற சேதி வெளியே இருக்கும் காற்றுக்குப் போக வேண்டுமானால் அழுத்த அலையாகத்தான் போக வேண்டும், அந்த அலையின் வேகமும் ஒலியின் வேகமே. எதிரே அதே வேகத்தில் காற்று வந்துகொண்டிருக்கும்போது சேதி எப்படி மேலே ஏறும்? ஆகவே ஒழுகல் ஒரே அளவில் நின்றுவிடும். 2 மில்லிமீட்டர் துளையென்றால் நொடிக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகம்.

அரை கிராம் காற்று ஒரு விஷயமா? நெடுஞ்சாலையில் நொடிக்குப் பத்துப் பதினைந்து கிராம் காற்றை இழுக்கும் இஞ்சினுக்கு விஷயமே இல்லை. ஸ்லோவில் அதே இஞ்சின் இழுப்பது நொடிக்குச் சுமார் 2 கிராம். அதில் கால் பங்குக்கு மேல் திருட்டு வழியில் வந்தால் என்ன ஆகும்? 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றின் எடையை நேராக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், துளை அந்த சென்சாரைத் தாண்டி இருப்பதால், கலவை வறண்டு வண்டி இடறும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து கணக்குப் போடும் வண்டியோ, நம் ஊர்ச் சிறிய கார்களில் பல இந்த வகை, திருட்டுக் காற்றையும் சேர்த்தே அளந்துவிடும். அங்கே இடறலுக்குப் பதில் ஸ்லோ ஏறி நிற்கும், அல்லது தூளி ஆடும். ஒரே துளைதான், வண்டிக்கு வண்டி முகம் மாறுகிறது.

முதல் வகை வண்டியில் ஸ்கேனரே நல்ல சாட்சி. பெட்ரோலை வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறேன் என்று கணினி ஒரு கணக்கு வைத்திருக்கும். ஃப்யூயல் ட்ரிம் என்பார்கள். ஸ்லோவில் அது 20 சதவீதம் கூடுதல் என்று காட்டி, 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்தால் இயல்புக்கு இறங்கினால், ஏர் புடிக்கிறது. ஸ்லோவில் சரியாக இருந்து, ரேஸ் செய்யச் செய்ய ஏறினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தேவைக்குத் தர முடியாமல் திணறுகிறது. அதே 20 சதவீதம்தான், எப்போது வருகிறது என்பதில் நோயே வேறு. துளை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே அடித்து, எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டு. வேலை செய்யும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்தால் தீயும் பிடிக்கும். புகையைச் செலுத்தி எங்கிருந்து கசிகிறது என்று பார்ப்பது பாதுகாப்பானது. எதுவும் இல்லையா? ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையால் கேஸ்கட் ஓரமாகத் தேடலாம். ஒலியின் வேகத்தில் நுழையும் காற்று வாயை மூடிக்கொண்டு நுழையாது.

வால்பாறைக்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டிப் பொறி பாய எத்தனை வோல்ட் வேண்டும்? இடைவெளியையும் அங்கே இருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வருகிற அளவைப் பொறுத்தது அது என்று 1889-இல் ஃப்ரீட்ரிஷ் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் காட்டினார். வாயு நெருக்கமாக இருந்தால் பொறி பாய்வது கடினம். ஸ்லோவில் சிலிண்டருக்குள் வருவது மெலிந்த காற்று, அமுக்கினாலும் நெருக்கம் குறைவு. சில ஆயிரம் வோல்ட் போதும், வயதான காயிலும் சமாளித்துவிடும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போது சிலிண்டர் நிறையக் காற்று. அப்போது தேவை இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும். பலவீனமான காயில் அங்கேதான் தலைசுற்றி விழும், மிதிக்க மிதிக்க வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஏர் லீக் ஸ்லோவில் கொல்லும், மேட்டில் மன்னிக்கும். காயிலுக்கு அது நேர் எதிர். என் வண்டி வால்பாறை ஏறியது என்ற ஒரே சேதியில் காயிலை அண்ணன் விடுதலை செய்தது இப்படித்தான். பாஷென் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவரிடம் தள்ளிக்கொண்டு வந்து விட்ட வண்டிகள் பாஷெனுக்குக் கிடைத்திருக்காது.

காயில் செத்தே போயிருந்தால் கதை வேறு, அது எங்கேயும் வெடிக்காது. சந்தேகம் தீர ஒரு எளிய வழி உண்டு. மூன்றாம் காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கும் ஒன்றாம் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும் மாற்றிப் போடுவது. குறை காயிலோடு போனால் காயில், மூன்றிலேயே நின்றால் சிலிண்டர். பத்து நிமிட வேலை, காசு செலவில்லை. என் பணத்தில் புதுக் காயில் வாங்குவதற்கு முன்னால் யாராவது இதைச் செய்திருக்கலாம்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பி0303 சரியான குறியீடுதான். ஈசியூவுக்கு மூன்றாம் சிலிண்டர் இடறுவது எப்படித் தெரிகிறது? கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. பெரும்பாலும் 60 பற்களுக்கு இடம், அதில் இரண்டு பல் இல்லாமல் விட்டிருப்பார்கள், சுற்றின் தொடக்கம் எது என்று தெரிவதற்காக. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தைக் கணினி அளந்துகொண்டே இருக்கும். ஸ்லோவில் ஒரு பல்லுக்கு 1.25 மில்லிநொடி. வெடித்தால் சுழற்சி ஒரு நொடித்துளி விரையும், வெடிக்காவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பற்கள் தாமதமாக வரும். சைலன்சரில் அண்ணன் கை வைத்துப் பார்த்ததும் இதே தாளத்தைத்தான். எது இடறுகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் என்று கணினி கேட்டுக்கொள்வதில்லை, அந்தக் குறியீட்டைப் படித்தவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு எச்சரிக்கை. இஞ்சின் செக் லைட் தொடர்ந்து எரிந்தால் வசதிப்பட்ட நாளில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது, அதைச் சுட்டே கொன்றுவிடும் அளவுக்கு இடறல் இருக்கிறது என்பதுதான் அந்த மின்னலின் பொருள். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டால் நமக்கு ஸ்லோ நிற்காது.

இதனால்தான் அண்ணன் சோதனைக்குக் காயிலைப் பிடுங்காமல், வண்டியைப் பெட்ரோலுக்கு மாற்றி இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்ரோலே வராவிட்டால் எரியாமல் போவதற்கும் ஒன்றுமில்லை. ஒன்றாவதைக் கழற்றியதும் இஞ்சின் தலை கவிழ்ந்து நிமிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே, நான்காவதும். மூன்றாவதைக் கழற்றினார், ஒரு மாற்றமும் இல்லை. வேலைக்கே வராத ஆளுக்கு லீவு கொடுத்த மாதிரி.

"பெட்ரோல்லயும் ஆடுது, காஸ்லயும் ஆடுது. ரெண்டுக்கும் இன்ஜெக்டர் வேற வேற. ரெண்டும் ஒரே நாள்ல, அதுவும் ஒரே சிலிண்டர்ல கெட்டுப்போகுமாங்க? பிளக் நீங்க மாத்திட்டீங்க. இனி என்ன மிச்சம்?"

காற்று, எரிபொருள், பொறி மூன்றும் இருந்தும் தீப்பிடிக்கவில்லையென்றால் நான்காவது ஒன்று குறைகிறது. அமுக்கம். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் கரண்ட்டும் வராமல் செய்து, ஆக்சிலரேட்டரை என்னை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினார். ஒன்று: 170 பிஎஸ்ஐ. இரண்டு: 165. நான்கு: 170. மூன்று: 110.

அமுக்கம் எங்கே ஒழுகுகிறது? கீழே பிஸ்டன் ரிங் வழியாகவா, மேலே வால்வு வழியாகவா? மூன்றாம் துளைக்குள் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் சந்தை அடைத்து அளவை ஏற்றிவிடும். 112. ஏறவில்லை என்றே அர்த்தம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அநேகமாகப் பக்கத்துச் சிலிண்டரும் இறங்கியிருக்கும், அல்லது ரேடியேட்டரில் குமிழி வரும். இரண்டும் இல்லை. வால்வுதான்.

"சாயங்காலம் விட்டுட்டுப் போயிருங்க. ராத்திரி பூரா ஆறோணும். காலையில திறக்கலாம்."

மறுநாள் காலையில் டேப்பெட் கவரைத் திறந்தார். மூன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்துக்குக் கிராங்கைச் சுற்றி நிறுத்தினார். புத்தகத்தில் ஃபீலர் கேஜ் என்று போட்டிருக்கும் தகட்டுக் கொத்தை எடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் அது 'ஃபில்லர்', அதை மாற்ற யாராலும் முடியாது. என் வண்டியின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே, குளிர்ந்த இஞ்சினில், 0.28 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 0.28 தகடு போகவில்லை. 0.20 போகவில்லை. 0.10 போகவில்லை. கொத்தில் ஆக மெல்லிய 0.05-உம் போகவில்லை.

இடைவெளி கூடினால் டக்டக்கென்று சத்தம் வரும், எல்லோரும் பயப்படுவார்கள். குறைந்தால் இஞ்சின் முன்பைவிட அமைதியாக ஓடும். "சத்தம் வந்தா வண்டி சொல்லுதுன்னு அர்த்தமுங்க. சத்தமில்லாம போனாத்தான் நாம பயப்படோணும்" என்றார்.

இடைவெளி எங்கே போனது? வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் தன் சீட்டில் வந்து அடிக்கிறது. ஸ்லோவில் நிமிடத்துக்கு 400 அடி, நெடுஞ்சாலையில் ஆயிரத்துக்கு மேல். பல்லாயிரம் கிலோமீட்டரில் சீட் தேய்ந்து, வால்வு மயிரிழை மயிரிழையாக உள்ளே அமிழும். உள்ளே அமிழ அமிழ அதன் தண்டு மேலே ஏறி ராக்கரைத் தொடும். எல்பிஜி, சிஎன்ஜி வண்டிகளில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம். திரவப் பெட்ரோல் தரும் கொஞ்ச நஞ்சக் குளிர்ச்சியும் மெத்தென்ற தன்மையும் காஸில் கிடையாது. என் வண்டிக்கு முந்தைய உரிமையாளர் காஸ் கிட் போட்டிருந்தார், நானும் அதில்தான் பெரும்பாலும் ஓட்டினேன். இடைவெளி முழுக்கத் தீர்ந்த நாளில், வால்வு மூட நினைத்தாலும் ராக்கர் முழுக்க மூட விடாது. சூட்டில் தண்டு நீளும், ஒழுகல் கூடும். சூடு ஏற ஏற ஆட்டம் அதிகமானதற்கு விடை அதுதான்.

ஓடும்போது சரியானதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஸ்லோவில் பிஸ்டன் ஒரு முறை மேலேறிக் காற்றை அமுக்க 37.5 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. 3,000 சுற்றில் 10 மில்லிநொடி. அதே ஓட்டை, ஒழுக நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான், ஒழுகப் போகும் காற்றோ பல மடங்கு. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பவர் ஓடிப் போய் ஊற்றினால் முக்கால் வாளியாவது மிஞ்சும், நின்று பேசிக்கொண்டிருந்தால் கயிறுதான் மிஞ்சும்.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகைப் பின்னால் சுற்றி, 0.28 தகட்டை நுழைத்து, அது சற்றே பிடித்துக்கொண்டு வரும் பதத்தில் மறுபடி இறுக்கினார். மற்ற வால்வுகளையும் பார்த்தார், இரண்டு எக்ஸாஸ்ட் கொஞ்சம் இறுகியிருந்தது. கவருக்குப் புது கேஸ்கட். ஹைட்ராலிக் டேப்பெட் வைத்த இஞ்சின்களில் இந்த வேலைக்கே இடமில்லை, ஆயில் அழுத்தமே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். என் வண்டியில் திருகு இருந்தது, பிழைத்தேன்.

பிழைத்தது என்று சொல்வது சும்மா அல்ல. எக்ஸாஸ்ட் வால்வின் தலை எழுநூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி அது சீட்டில் உட்காரும் கணங்களில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. உட்கார முடியாத வால்வு ஆற முடியாமல், ஓரத்தில் தீ ஒழுகி ஒழுகி, கடைசியில் கருகிப் பிளந்துவிடும். பிறகு ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, சீட்டைக் கடைந்து, பெரிய வேலை. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அங்கேதான் போய் நின்றிருக்கும் என்றார் அண்ணன்.

திரும்ப அளந்தபோது மூன்றாம் சிலிண்டர் 155. "பழைய அளவு வராதுங்க, ஆனா போதும்." பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தார். முள் 800-இல் போய் நின்றது. ஏசியைப் போட்டேன். ஒரு கணம் தயங்கி, மறுபடி 800.

டேப்பெட் கவரின் உட்புறத்தில் மார்க்கரால் தேதியும், கிலோமீட்டரும், '3 — 0.28' என்றும் எழுதித்தான் மூடியிருந்தார். பத்தாயிரம் ஓடியதும் வரச் சொன்னார். எட்டு மாதம் கழித்துப் போனேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் டேப்பெட் சத்தம்கூட இல்லை. திறந்து ஃபில்லரை வைத்துப் பார்த்தார். 0.22. பழைய எழுத்தின் கீழே அதையும் எழுதிவிட்டு, மறுபடி 0.28-க்கு வைத்தார்.